பார்ட்டிஷன் அளவை மாற்றும் ஒரு வரி கமாண்ட்: டேட்டா எங்கே போகிறது, எப்படித் தடுப்பது?

லேப்டாப்பில் லினக்ஸ் போடலாம் என்று முடிவு செய்கிறீர்கள். அதற்கு இடம் வேண்டும். இருக்கிற பார்ட்டிஷனைக் கொஞ்சம் சுருக்க வேண்டும். இணையத்தில் தேடினால் ஒரே ஒரு வரி கமாண்ட் கிடைக்கிறது. அதை டெர்மினலில் போட்டு என்டர் தட்டுகிறீர்கள். எந்தப் பிழைச் செய்தியும் வரவில்லை. ஆனால் அடுத்த முறை கணினியை ஆன் செய்தால், அந்தப் பார்ட்டிஷன் திறக்கவே மறுக்கிறது.

கமாண்ட் தப்பா வேலை செஞ்சுதா? இல்லை. சொன்னதைத்தான் செய்தது. நீங்கள் சொன்னதாக நினைத்ததும், அது புரிந்துகொண்டதும்தான் வேறு வேறு.

லினக்ஸில் பரவலாகப் பயன்படும் பார்ட்டட் என்ற கருவியையும், அதில் உள்ள 'ரீசைஸ்பார்ட்' என்ற கமாண்டையும் பற்றியது இந்தக் கட்டுரை. (கமாண்டுகளை இங்கே உச்சரிப்பில் தருகிறோம், டைப் செய்யும்போது ஆங்கில எழுத்துதான்.)

இப்போது ஏன் இது முக்கியம்?

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான இலவச ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்தியது. டிபிஎம் 2.0 போன்ற விண்டோஸ் 11-இன் நிபந்தனைகளைப் பூர்த்தி செய்யாத பழைய கணினிகளுக்கு லினக்ஸ் ஒரு மாற்று. விண்டோஸை வைத்துக்கொண்டே பக்கத்தில் லினக்ஸ் போட நினைத்தால், முதல் வேலையே பார்ட்டிஷனைச் சுருக்குவதுதான்.

பாலக்காடு மாவட்டத்தின் எலப்புள்ளி, சித்தூர் பக்கமோ, இடுக்கியின் தேவிகுளம், பீர்மேடு பக்கமோ பள்ளியில் படித்தவர்களுக்கு லினக்ஸ் புதுசு இல்லை. கேரள அரசின் 'கைட்' நிறுவனம், உபுண்டுவை அடிப்படையாகக் கொண்டு பள்ளிகளுக்கென்றே ஒரு இயங்குதளத்தைத் தயாரிக்கிறது. 2019-இல் வந்த பதிப்பு, மாநிலப் பள்ளிகளில் உள்ள 2 லட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகளுக்காக அறிவிக்கப்பட்டது. வீட்டுக் கணினியிலும் அதை இலவசமாகப் போட்டுக்கொள்ளலாம். ஆனால் பள்ளி லேபில் தயாராக இருந்த லினக்ஸைப் பயன்படுத்துவது வேறு. குடும்பத்தின் மொத்த போட்டோவும் இருக்கிற லேப்டாப்பில் நாமே எல்லைக் கோட்டை நகர்த்துவது வேறு.

பார்ட்டிஷன் வேறு, ஃபைல் சிஸ்டம் வேறு

குழப்பத்தின் வேர் இங்கேதான். உங்கள் டிஸ்க்கை ஒரு நிலமாக நினைத்துக்கொள்ளுங்கள். பார்ட்டிஷன் டேபிள் என்பது பட்டா மாதிரி. 'இந்த மனை இங்கே ஆரம்பித்து, இங்கே முடிகிறது' என்று அதில் எழுதியிருக்கும். அவ்வளவுதான்.

ஃபைல் சிஸ்டம் என்பது அந்த மனையில் கட்டிய வீடு. எந்த ஃபைல் எந்த அறையில் இருக்கிறது, மொத்தம் எத்தனை அறைகள் என்ற கணக்கெல்லாம் வீட்டுக்குள்ளே இருக்கிறது. இஎக்ஸ்டி4, எக்ஸ்எஃப்எஸ், விண்டோஸின் என்டிஎஃப்எஸ் எல்லாம் இப்படிப்பட்ட வீடுகள்தான்.

ரீசைஸ்பார்ட் மாற்றுவது பட்டாவை மட்டும். பட்டாவில் எல்லையைக் குறைத்து எழுதிவிட்டால் வீடு தானாகச் சுருங்காது. சமையலறை பக்கத்து மனையில் நிற்கும்.

விண்டோஸிலிருந்து வருபவர்களுக்கு இது எதிர்பாராத விஷயம். விண்டோஸின் டிஸ்க்பார்ட் கருவியில் 'ஷ்ரிங்க்' என்று சொன்னால், அது வீட்டையும் சுருக்கி, பட்டாவையும் சேர்த்தே மாற்றும். லினக்ஸிலேயே படங்களோடு வரும் ஜிபார்ட்டட் செயலியும் இரண்டையும் சேர்த்தே செய்யும். பெயரில் ஒரே ஒரு எழுத்துதான் வித்தியாசம் என்பதால், பார்ட்டட்டும் அப்படித்தான் என்று பலர் நினைத்துவிடுகிறார்கள்.

2011-இல் என்ன மாறியது?

ஒரு காலத்தில் பார்ட்டட்டும் இரண்டையும் செய்யப் பார்த்தது. 'ரீசைஸ்' என்ற பழைய கமாண்ட் சில வகை ஃபைல் சிஸ்டங்களையும் சேர்த்து மாற்றும். 2011-இல் வந்த 3.0 பதிப்பில், ஃபைல் சிஸ்டத்தைத் தொடும் கமாண்டுகளை மொத்தமாக எடுத்துவிட்டார்கள். அந்த வேலையை அந்தந்த ஃபைல் சிஸ்டத்துக்கான தனிக் கருவிகளிடம் விட்டுவிட்டார்கள்.

பிறகு ரீசைஸ்பார்ட் என்ற புதிய பெயரில், எல்லையை மட்டும் நகர்த்தும் கமாண்ட் வந்தது. பெயர் கிட்டத்தட்ட அதேதான், வேலை பாதிதான். இணையத்தில் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கும் பழைய வழிகாட்டிகளைப் படித்துவிட்டு வருபவர்கள் மாட்டிக்கொள்வது இப்படித்தான்.

சரி, அந்த ஒரு வரியில் எங்கெல்லாம் கால் இடறும்? நான்கு இடங்கள்.

1. அது கேட்பது நீளம் இல்லை, முடியும் இடம்

ரீசைஸ்பார்ட்டுக்கு இரண்டு விவரம் கொடுக்க வேண்டும்: பார்ட்டிஷன் எண், அடுத்து ஒரு அளவு. அந்த அளவைப் 'பார்ட்டிஷன் எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும்' என்பதாகத்தான் யாருமே புரிந்துகொள்வோம். ஆனால் பார்ட்டட் அதை 'டிஸ்க்கின் ஆரம்பத்திலிருந்து எத்தனையாவது இடத்தில் முடிய வேண்டும்' என்று எடுத்துக்கொள்கிறது.

உங்கள் 2-ஆவது பார்ட்டிஷன் 100 ஜிபியில் ஆரம்பித்து 300 ஜிபியில் முடிகிறது என்று வைத்துக்கொள்வோம். நீளம் 200 ஜிபி. அதை 150 ஜிபியாகக் குறைக்க வேண்டும். கொடுக்க வேண்டிய எண் 250. நீங்கள் 150 என்று கொடுத்தால், பார்ட்டிஷன் 150-இல் முடிந்துவிடும். மிஞ்சுவது 50 ஜிபி. நினைத்ததில் மூன்றில் ஒரு பங்கு.

அலகு போடாமல் வெறும் 250 என்று கொடுத்தால்? வேறு அலகை நீங்கள் முன்கூட்டியே தேர்ந்தெடுக்காதவரை, பார்ட்டட் அதை எம்பி என்று எடுத்துக்கொள்ளும்.

2. ஜிபி வேறு, ஜிஐபி வேறு

இதுதான் நான்கிலும் மோசமானது. ஏன்னா, எல்லாம் சரியாகச் செய்தது போலவே தோன்றும்.

1 ஜிபி என்றால் 100 கோடி பைட். 1 ஜிஐபி என்றால் 2-இன் 30-ஆம் அடுக்கு, அதாவது 107,37,41,824 பைட். வித்தியாசம் சுமார் 7.4 சதவீதம். 1 டிபிக்கும் 1 டிஐபிக்கும் இடையே அது கிட்டத்தட்ட 10 சதவீதமாகிவிடும்.

இஎக்ஸ்டி4 ஃபைல் சிஸ்டத்தைச் சுருக்கும் கருவியின் பெயர் ரீசைஸ்2எஃப்எஸ். அதில் '50ஜி' என்று கொடுத்தால், அது 50 ஜிஐபி என்று எடுத்துக்கொள்ளும். பார்ட்டட்டில் '50ஜிபி' என்று கொடுத்தால், அது 5,000 கோடி பைட் என்று எடுத்துக்கொள்ளும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். டிஸ்க்கின் தொடக்கத்திலேயே ஆரம்பிக்கும் ஒரு பார்ட்டிஷனில், முதலில் வீட்டை 50ஜி-க்குச் சுருக்குகிறீர்கள். அது சுமார் 53.69 ஜிபி இடத்தில் நிற்கிறது. அடுத்து பட்டாவை 50ஜிபி என்று திருத்துகிறீர்கள். இரண்டு இடத்திலும் ஒரே 50-தான் டைப் செய்தீர்கள். வரிசையும் சரிதான். ஆனால் வீட்டின் கடைசி 3.69 ஜிபி எல்லைக்கு வெளியே போய்விட்டது.

இன்னொன்றும் இருக்கிறது. பார்ட்டட்டில் ஜிஐபி, எம்ஐபி என்று கொடுத்தால் அதைத் துல்லியமான எண்ணாக எடுத்துக்கொள்ளும். ஜிபி என்று கொடுத்தால் தோராயமாக எடுத்துக்கொண்டு, பக்கத்தில் வசதியான இடத்தைத் தேடும். '4ஜிபி' என்று கேட்டால், அதற்கு 500 எம்பி முன்னே பின்னே உள்ள ஒரு இடத்தில்கூட நிற்கலாம் என்று அதன் கையேடே சொல்கிறது. நடுவில் இருக்கிற ஒரு சின்ன 'ஐ' எழுத்துக்கு அவ்வளவு மதிப்பு.

3. 'சேவ்' என்று ஒரு கட்டம் கிடையாது

எஃப்டிஸ்க் என்ற இன்னொரு பழைய கருவியைப் பயன்படுத்தியவர்களுக்கு ஒரு பழக்கம் இருக்கும். அதில் என்ன மாற்றினாலும், கடைசியில் 'டபிள்யூ' என்று தட்டினால்தான் டிஸ்க்கில் எழுதப்படும். சந்தேகமா இருந்தா, எழுதாமல் வெளியே வந்துடலாம்.

பார்ட்டட்டில் அந்த வாய்ப்பு இல்லை. ஒவ்வொரு கமாண்டும் என்டர் தட்டிய அந்த நொடியே டிஸ்க்கில் எழுதப்படுகிறது. 'க்விட்' கொடுத்து வெளியே வந்தால் எதுவும் ரத்தாகாது. 'அன்டூ'வும் இல்லை.

4. 'கேள்வி கேட்காதே' என்றால் சம்மதம் என்று அர்த்தமில்லை

அலுவலகத்தில் சர்வர்களைப் பார்த்துக்கொள்பவர்களுக்கு இது முக்கியம். ஸ்கிரிப்டுகளில் பார்ட்டட்டை '-எஸ்' என்ற தெரிவோடு பயன்படுத்துவார்கள். பயனரிடம் எதுவும் கேட்காதே என்று அதற்குப் பொருள்.

சாதாரணமாகப் பார்ட்டிஷனைச் சுருக்கினால், 'டேட்டா இழப்பு ஏற்படலாம், தொடரவா?' என்று பார்ட்டட் கேட்கும். -எஸ் போட்டால்? கேட்காமல் சுருக்கிவிடும் என்றுதான் எதிர்பார்ப்போம். நடப்பது வேறு. எச்சரிக்கையை அச்சிட்டுவிட்டு, வேலையைச் செய்யாமலே வெளியேறிவிடும். கேள்வி கேட்க முடியாததால் பதில் இல்லை. பதில் இல்லாததால் வேலை இல்லை. ஸ்கிரிப்ட் இந்தப் பிழையைக் கவனிக்காமல் எழுதப்பட்டிருந்தால், சுருங்காத பார்ட்டிஷனைச் சுருங்கியதாக நினைத்து அடுத்த படிக்குப் போய்விடும்.

அப்போ -எஸ் பாதுகாப்பானதா? அதுவும் இல்லை. அதே -எஸ்ஸோடு 'எம்கேலேபிள்' என்ற கமாண்டைக் கொடுத்தால், பயன்பாட்டில் இல்லாத டிஸ்க்கின் மொத்தப் பார்ட்டிஷன் டேபிளையும் ஒரு கேள்வியும் கேட்காமல் புதிதாக எழுதிவிடும். ஒரு மனையின் எல்லையைக் குறைக்கத் தயங்கும் கருவி, மொத்த ஊரின் பட்டாவையும் கிழிக்கத் தயங்குவதில்லை.

இந்தத் தடையைச் சுற்றிப்போக ஒரு குறுக்குவழி இணையத்தில் உலவுகிறது. மூன்று கோடுகளோடு ஆரம்பிக்கும் 'ப்ரிடென்ட்-இன்புட்-டிடிஒய்' என்ற தெரிவு அது. ஒரு மனிதர் எதிரே உட்கார்ந்து பதில் சொல்வதாகப் பார்ட்டட்டை நம்பவைத்து, 'யெஸ்' என்று முன்கூட்டியே ஊட்டிவிடுவது. கருவியைச் சோதித்துப் பார்ப்பதற்காக வைக்கப்பட்ட கதவு இது. எந்தக் கேள்விக்கு யெஸ் சொல்கிறோம் என்று தெரியாமல், ஸ்கிரிப்டில் போட்டுவிட்டுத் தூங்கப் போகாதீர்கள்.

கிளவுட் சர்வரில் இடத்தைப் பெரிதாக்கும்போது?

சுருக்குவதைவிடப் பெரிதாக்குவது ஆபத்து குறைந்தது. ஆனால் அங்கேயும் இரண்டு விசித்திரங்கள் உண்டு.

முதலாவது, கிளவுட் டிஸ்க்கை 50-லிருந்து 100 ஆக்கிவிட்டுப் பார்ட்டட்டைத் திறந்தால், 'டிஸ்க்கின் மொத்த இடமும் பயன்படுத்தப்படவில்லை, சரிசெய்யவா?' என்று கேட்கும். பயந்துவிட வேண்டாம். ஜிபிடி வகைப் பார்ட்டிஷன் டேபிளின் ஒரு நகல், டிஸ்க்கின் கடைசியில் இருக்க வேண்டும். டிஸ்க் நீண்டுவிட்டதால், பழைய கடைசி இப்போது நடுவாகிவிட்டது. 'ஃபிக்ஸ்' கொடுத்தால் நகலைப் புதிய கடைசிக்கு நகர்த்திவிடும்.

இரண்டாவது, கிளவுட் சர்வர்களில் இதற்கென்றே வரும் க்ரோபார்ட் கருவி. டிஸ்க் 100 சதவீதம் நிரம்பி, சர்வர் திணறும்போதுதான் இதைத் தேடுவோம். ஆனால் அது வேலை செய்ய, 'டெம்ப்' ஃபோல்டரில் கொஞ்சம் தற்காலிக இடம் வேண்டும். டிஸ்க்தான் நிரம்பிவிட்டதே! 'இடம் இல்லை' என்று சொல்லி, இடம் உண்டாக்கும் கருவியே நின்றுவிடும். தேவையற்ற லாக் ஃபைல் ஒன்றை அழிக்கலாம். அல்லது டெம்ப் ஃபோல்டரைத் தற்காலிகமாக நினைவகத்தில், அதாவது 'டெம்ப்எஃப்எஸ்' ஆக மவுன்ட் செய்யலாம். பிறகு ஓடும்.

க்ரோபார்ட் முடிந்ததும் 'டிஎஃப்' போட்டுப் பார்த்தால் பழைய அளவே காட்டும். காரணம் இப்போது உங்களுக்கே தெரியும்: பட்டாதான் பெரிதாகியிருக்கிறது, வீடு இல்லை. இஎக்ஸ்டி4 என்றால் ரீசைஸ்2எஃப்எஸ், எக்ஸ்எஃப்எஸ் என்றால் எக்ஸ்எஃப்எஸ்-க்ரோஎஃப்எஸ் என்று இரண்டாவது கமாண்டும் கொடுக்க வேண்டும்.

விண்டோஸில் மட்டும் பிரச்சினை இல்லையா?

இருக்கிறது. 2024 ஜனவரி 9-ஆம் தேதி, விண்டோஸ் 10-க்கு கேபி5034441 என்ற பாதுகாப்பு அப்டேட் வந்தது. பல கணினிகளில் அது 0எக்ஸ்80070643 என்ற பிழையோடு நின்றது. பொதுவான 'இன்ஸ்டால் ஆகவில்லை' என்ற பொருள் கொண்ட எண் அது. உண்மையான காரணம், மீட்புப் பார்ட்டிஷனில் இடம் போதவில்லை.

மைக்ரோசாஃப்ட் கொடுத்த தீர்வு என்ன தெரியுமா? சாதாரணப் பயனர்களே கமாண்ட் ப்ராம்ப்டைத் திறந்து, டிஸ்க்பார்ட் மூலம் சி டிரைவை 250 எம்பி சுருக்கி, மீட்புப் பார்ட்டிஷனை அழித்து, பெரிதாக மறுபடி உருவாக்க வேண்டும். எண்ணை மாற்றித் தட்டினால் வேறு பார்ட்டிஷன் போய்விடும்.

டிஸ்க்பார்ட்டின் 'எக்ஸ்டென்ட்' கமாண்டுக்கும் ஒரு குணம் உண்டு. பார்ட்டிஷனுக்கு அடுத்தாற்போல், ஒட்டியே காலி இடம் இருந்தால்தான் சாதாரண டிஸ்க்கில் அது பெரிதாக்கும். நடுவில் மீட்புப் பார்ட்டிஷன் உட்கார்ந்திருந்தால், அதற்கு அப்பால் எவ்வளவு காலி இடம் இருந்தாலும் பயனில்லை.

அப்போ என்ன வரிசையில் செய்யணும்?

பெரிதாக்க: முதலில் பட்டா, பிறகு வீடு. சுருக்க: முதலில் வீடு, பிறகு பட்டா. இதை மட்டும் மாற்றவே கூடாது.

தொடங்கும் முன்:

• டேட்டாவை வேறொரு டிஸ்க்கில் பேக்கப் எடுங்கள். அதிலிருந்து ஒன்றிரண்டு ஃபைல்களைத் திறந்தும் பாருங்கள்.

• பார்ட்டட்டில் 'யூனிட் எஸ் ப்ரின்ட்' கொடுங்கள். ஒவ்வொரு பார்ட்டிஷனும் எந்த செக்டரில் ஆரம்பித்து எதில் முடிகிறது என்று காட்டும். அதைப் போனில் ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். 'எஸ்எஃப்டிஸ்க் -டி' கமாண்ட் அதையே ஃபைலாகத் தரும். அந்த ஃபைலை அதே டிஸ்க்கில் வைக்காதீர்கள்.

• எந்த ஃபைல் சிஸ்டம் என்று பாருங்கள். இஎக்ஸ்டி4-ஐ மவுன்ட் ஆகியிருக்கும்போதே பெரிதாக்கலாம். சுருக்க வேண்டுமானால் அன்மவுன்ட் செய்ய வேண்டும். ரெட் ஹாட் வகை சர்வர்களில் இயல்பாக வரும் எக்ஸ்எஃப்எஸ் பெரிதாக்கத்தான் லாயக்கு. அதைச் சுருக்க வேண்டும் என்றால், பேக்கப் எடுத்துப் புதிதாக உருவாக்குவதே நடைமுறை வழி.

• விண்டோஸ் பார்ட்டிஷனை விண்டோஸுக்குள்ளிருந்தே, 'டிஸ்க் மேனேஜ்மென்ட்' வழியாகச் சுருக்குங்கள். பிட்லாக்கர் இருந்தால், அதன் மீட்புக் குறியீடு கையில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

இஎக்ஸ்டி4-ஐச் சுருக்கும்போது ஒரு பாதுகாப்பான உத்தி உண்டு. இலக்கு 50 ஜிஐபி என்றால், வீட்டை முதலில் 45-க்குச் சுருக்குங்கள். பிறகு, ஆரம்ப இடத்தோடு 50 ஜிஐபியைக் கூட்டி வரும் இடத்தில் பார்ட்டிஷனை முடியுங்கள். கடைசியாக, அளவு எதுவும் கொடுக்காமல் ரீசைஸ்2எஃப்எஸ்ஸை ஒருமுறை ஓட்டுங்கள். எல்லை வரை வீடு தானாக நிறைந்துவிடும். கணக்கில் சின்னப் பிசகு இருந்தாலும் வீடு இடிபடாது.

ஏற்கெனவே தப்பு நடந்துவிட்டால்?

பதற்றத்தில் எதையாவது செய்வதுதான் பெரிய ஆபத்து. பட்டா மட்டும்தான் மாறியது. வீடு இன்னும் அங்கேயேதான் நிற்கிறது. அந்த இடத்தில் புதிதாக எதுவும் எழுதாதவரை, டேட்டா பத்திரமாகவே இருக்கும்.

வெட்டுப்பட்ட இஎக்ஸ்டி4-ஐச் சோதிக்கும் கருவி, 'ஃபைல் சிஸ்டத்தின் அளவு ஒன்று சொல்கிறது, டிஸ்க்கின் அளவு வேறு சொல்கிறது, நிறுத்திவிடவா?' என்று கேட்கும். நிறுத்திவிடுங்கள். பழுதுபார்க்கச் சொல்லாதீர்கள்.

காலியாகத் தெரியும் இடத்தில் புதிய பார்ட்டிஷன் உருவாக்கி ஃபார்மேட் செய்யவும் வேண்டாம். குறிப்பாக எஸ்எஸ்டியில். இஎக்ஸ்டி4 ஃபார்மேட் கமாண்ட், அந்த இடம் முழுவதும் இனித் தேவையில்லை என்று எஸ்எஸ்டிக்கு இயல்பாகவே சொல்லிவிடும். அதற்குப் பிறகு எந்த மீட்புக் கருவியாலும் கொண்டுவருவது கடினம்.

செய்ய வேண்டியது ஒன்றுதான். அன்மவுன்ட் நிலையில், பழைய முடிவு எண்ணை ரீசைஸ்பார்ட்டில் அப்படியே திரும்பக் கொடுங்கள். ஆரம்ப இடம் மாறாமல், முடிவும் பழையபடி வந்துவிட்டால், பெரும்பாலும் பார்ட்டிஷன் மறுபடி திறந்துகொள்ளும். எண் தெரியாவிட்டால், டெஸ்ட்டிஸ்க் என்ற இலவசக் கருவி டிஸ்க்கைத் துழாவி பழைய எல்லைகளைத் தேடித் தரும். அதற்கு நேரமாகும், சில சமயம் கிடைக்காமலும் போகும்.

போனில் எடுத்துவைத்த அந்த ஒரு போட்டோ இருந்தால், அதே வேலை ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும்.